கூட்டு வட்டிக்காரர்

கல்யாணப் பந்தியில் அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் வடை சூடாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் மண்டபத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓர் இலைக்கு என்ன ஆகியிருக்கும், எத்தனை இலை, மண்டப வாடகை எவ்வளவு, அத்தனையையும் கூட்டிப் பெண்ணின் பெயரில் பிபிஎஃப் கணக்கில் போட்டிருந்தால் 15 வருடத்தில் என்னவாகியிருக்கும் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடும். பிபிஎஃப்பில் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட விடமாட்டார்களே என்பது பாதியில் ஞாபகம் வரும். முகம் லேசாக வாடும். அதற்குள் ரசம் அவரைத் தாண்டிப் போயிருக்கும்.

பத்திரிகையில் வாராவாரம் பணத்தைப் பற்றி எழுதுகிற ஆள் அவர். சிக்கனம், சேமிப்பு, முதலீடு, முதுமைக் காலம். ஓரமாகக் கைகட்டிய போட்டோ. 'அவர், அவர்' என்று எவ்வளவு நேரம்தான் சொல்வது? நான்தான்.

எனக்கு வேலை ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். 2011-ல் ஒரு வார இதழில், மாதம் ஆயிரம் ரூபாய் சேமித்தால் பத்து வருடத்தில் எவ்வளவு சேரும் என்று ஒரு கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். கூட்டு வட்டி போட வேண்டிய இடத்தில் தனி வட்டி போட்டிருந்தார்கள். வேறு யாராவது பார்த்திருந்தால் பக்கத்தைத் திருப்பிவிட்டு ஜோசியம் படித்திருப்பார்கள். நான் கடிதம் போட்டேன். ஆசிரியர் போன் செய்தார். "தப்புக் கண்டுபிடிக்கிறதுக்கு எங்களுக்கு நிறையப் பேர் இருக்காங்க சார். எழுதறதுக்குத்தான் ஆள் இல்லை" என்றார். ஒரு கட்டுரைக்கு 400 ரூபாய். அதுவும் கட்டுரை வந்து ஆறு மாதம் கழித்துத்தான் வரும். பணத்தின் கால மதிப்பைப் பற்றி நான் எழுதிய மூன்று பாகத் தொடருக்கான பணம் ஒன்பது மாதம் கழித்து வந்தது.

எழுதத் தொடங்கிய பிறகு இந்தக் கணக்கு நோயின் அறிகுறி தெரிந்துவிட்டது. அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை. தினம் இரண்டு டீ, 12 ரூபாய் வீதம் 24. வருடத்துக்கு 8,760. இதை வருடா வருடம் 12 சதவீதம் வருகிற இடத்தில் போட்டால் 30 வருடத்தில் ஏறத்தாழ 21 லட்சம். இது கட்டுரைக்காக நான் போட்ட கணக்கு. ஆனால் போட்ட கணக்கை வாய்க்குள் வைத்துக்கொள்ள எங்கள் வகையினருக்குத் தெரியாது. டீ மாஸ்டரிடமே சொன்னேன். அவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. டீ ஒரு முழ நீளத்துக்கு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. "இருபத்தோரு லட்சமா சார்?" என்றார். "ஆமாம்" என்றேன். "அது வரும்போது வரட்டும். போன மாசப் பாக்கி நூத்திப் பத்து நிக்குது."

கட்டுரையோடு என் போட்டோவும் போட ஆரம்பித்தார்கள். வாழ்க்கையின் வேறு பல கதவுகள் அதோடு சாத்தப்பட்டன. ஆட்டோவில் ஏற முடியாது, "நீங்களுமா சார்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து கேட்பார். செருப்புக் கடையில் இரண்டாவது விலையை எடுத்தால் கடைக்காரருக்கே வருத்தம்: "மூணாவது ரகம் இன்னும் கொஞ்சம் மலிவு, நீங்க அதைத்தானே எழுதுவீங்க?" கத்தரிக்காய் பேரம் பேசினால், இதற்கும் ஒரு கட்டுரை வரும் என்று காய்காரம்மா உஷாராகிவிடுகிறார். பேரம் பேசாமல் வாங்கினாலோ, "எழுதறது ஒண்ணு, செய்யறது ஒண்ணு" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. மருத்துவர்கள் சிகரெட் பிடிப்பதை மன்னிக்கிற சமூகம் இது. சிக்கனம் எழுதுகிறவன் ஒரு ஐஸ்கிரீம் சாப்பிடுவதை மன்னிக்காது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் வருடம் முழுக்க எழுதுவதாகத்தான் தோன்றும். உண்மையில் பஞ்சாங்கம் போல ஒரே ஒரு வருடத்தைத்தான் எழுதுகிறோம், திரும்பத் திரும்ப. சித்திரை, வைகாசியில் அட்சய திருதியை வந்தால் 'தங்கம் வாங்காதீர்கள்'. ஜூனில் பள்ளிக் கட்டணம். தீபாவளிக்கு முன்னால் போனஸ். அக்டோபர் 30 சிக்கன நாள், அன்றைக்கு ஏதாவது பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிடுவார்கள்; பேசி முடித்ததும் சால்வை போர்த்துவார்கள். வீட்டில் 17 சால்வை இருக்கிறது, எல்லாம் சிக்கனத்துக்காகக் கிடைத்தவை. டிசம்பர் கடைசியில் 'புத்தாண்டில் எடுக்க வேண்டிய 7 பணத் தீர்மானங்கள்'. ஏன் ஏழு என்று ஆசிரியரைக் கேட்டேன். "பத்துன்னா பாடப் புத்தகம் மாதிரி இருக்கு சார். ஏழுன்னா ரகசியம் மாதிரி இருக்கு."

ஜனவரி முதல் மார்ச் வரை, சேமிப்புக்கு வருமான வரிச் சலுகை தரும் 80சி. மூன்று மாதமும் அந்த ஒரே பிரிவுதான். 2014 பட்ஜெட்டில் அதன் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாக்கினார்கள். எனக்கு நாலு வாரத்துக்குச் சரக்கு கிடைத்தது. பிறகு புதிய வரி முறை வந்தது. 2023-24 முதல் நாமாக வேண்டாம் என்று சொன்னாலொழிய அதுதான் நமக்கு. அதில் 80சி கிடையாது. மக்களுக்கு வரி குறைந்தது, கூடியது என்று எல்லோரும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கண்மாய் வற்றிப்போன விவசாயி மாதிரி உட்கார்ந்திருந்த என்னைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அறிவுரை சொல்கிறவனுக்கு வாயைத் திறக்க வேண்டிய ஒரு தருணம் வரும். எனக்கு அது 2012-ல் வந்தது, ஐந்தடி உயரத்தில், நீண்ட கழுத்தோடு. மேற்கு மாவட்டங்களில் ஈமு கோழி வளர்ப்பு வெள்ளமாய்ப் பரவிய நேரம். பணத்தைக் கொடுத்தால் குஞ்சும் தருவார்கள், தீவனமும் தருவார்கள், மாதம் தவறாமல் பணமும் தருவார்கள். கோழி என்ன தரும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த இறைச்சியை வாங்குகிறவன் யார், எண்ணெயை வாங்குகிறவன் யார் என்று பார்த்தால், அடுத்து பணம் கட்டப் போகிறவனைத் தவிர வேறு ஒருவரும் தென்படவில்லை. நன்றாகவே எழுதினேன். ஆசிரியர் போன் செய்தார். "பிரமாதம் சார். ஆனா இந்த வாரம் பிபிஎஃப் பத்தி ஏதாவது குடுங்களேன்."

இதழ் வந்தபோது காரணம் தெரிந்தது. இடப்பக்கம் நான், கைகட்டிக்கொண்டு, பிபிஎஃப். வலப்பக்கம் முழுப்பக்க வண்ண விளம்பரத்தில் ஈமு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஆகஸ்டிலேயே வழக்கு, கைது என்று ஆரம்பித்துவிட்டது. கட்டுரையைத் திரும்பக் கேட்டு வாங்கினார் ஆசிரியர். விளம்பரம் நின்றுபோன வாரத்தில், 'அன்றே சொன்னோம்' என்ற தலைப்பில் அது வந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? 400 ரூபாய் வாங்கிக்கொண்டேன், ஏப்ரலில்.

வாசகர் கடிதங்களுக்கு வருகிறேன். நான் எழுதியதிலேயே உருப்படியானது அவர்கள் எழுதியதுதான். தொடங்கியபோது வட்டி விகிதம், பணவீக்கம், மியூச்சுவல் ஃபண்டு என்றெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்துப் புத்தகங்கள் வாங்கி வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. வந்த கேள்விகள் எல்லாம் சொந்தக்காரர்களைப் பற்றியவை. பணம் என்று எழுதியிருப்பார்கள். உள்ளே பார்த்தால் மைத்துனர் இருப்பார்.

ஒருவர் கேட்டிருந்தார்: மனைவியின் தம்பி இரண்டு லட்சம் கடன் கேட்கிறார், கொடுக்கலாமா? நான் முறையாக எழுதினேன். கொடுப்பதானால் புரோநோட்டு எழுதி வாங்குங்கள். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று வருடத்துக்குள் வசூலிக்காவிட்டால் காலாவதியாகிவிடும், கவனம். இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு: 'தாங்கள் சொன்னபடி புரோநோட்டு கேட்டேன். மனைவி தாய்வீடு சென்றுவிட்டாள். ஸ்டாம்பு செலவு ஒரு ரூபாய் மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள்.'

ஓர் அம்மாள் இன்லண்ட் கவரில் எழுதியிருந்தார். அவரிடம் மூன்று லட்சம் இருக்கிறது. கணவருக்குத் தெரியாது. எங்கே போடலாம்? நான் வங்கி வைப்பு என்றேன். வங்கியில் டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியில்தான் ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள் என்று விவரமாகச் சொன்னேன். பதில் வந்தது: 'வங்கி முழுகிப் போகும் என்று எனக்குப் பயமில்லை ஐயா. எஸ்எம்எஸ் அவர் போனுக்குப் போகும்.' சரி, தபால் ஆபீசில் டைம் டெபாசிட் என்றேன். அதற்கும் பதில் வந்தது: 'பாஸ்புக்கை எங்கே ஒளிப்பது?' இதற்கு எந்த முதலீட்டு நிபுணரும் விடை எழுதியதாக நான் பார்த்ததில்லை. ஒன்றரை மணி நேரம் யோசித்து, கணவர் ஒருபோதும் திறக்காத டப்பா எது என்று யோசியுங்கள் என்று எழுதினேன். 'வெந்தயம்' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டார். அதோடு கடிதம் நின்றுவிட்டது. நன்றாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

அந்த அம்மாளின் கணவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வகையினர் வீட்டில் கட்டாயம் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். பால், காய்கறி, கரண்டு, கேஸ், இதர. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எப்போதும் இதரதான் முதலிடம். இந்த இதரவை ஒழிப்பது எப்படி என்று இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். 2016 நவம்பர் 8 ராத்திரி, ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் சொன்னார்கள். நான் நாட்டின் பொருளாதாரத்துக்கு இது என்ன செய்யும் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போய், துவரம்பருப்பு டின்னுக்குள் கையை முழங்கை வரை விட்டு ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். பருப்புத் தூசி படிந்த 34,000 ரூபாய்.

"என்ன இது?" என்றேன்.

"இதர" என்றாள்.

தங்க விஷயத்தில் அவளிடம் நான் தோற்ற கதை இதைவிட நீளம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 அட்சய திருதியைக்கு 'தங்கம் ஒரு முதலீடே அல்ல' என்று எழுதினேன். பவுன் அப்போது இருபதாயிரத்தை ஒட்டி இருந்தது. செய்கூலி, சேதாரம், பூட்டி வைத்தால் வட்டி வராது, விற்கப்போனால் கழிவு என்று அடுக்கினேன். அவள் அதைப் படித்துவிட்டு, மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு கடையில் நகைச்சீட்டு சேர்ந்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். 2025 ஏப்ரலில் பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டிய அன்று, அவள் பீரோவைத் திறந்து வளையல் பெட்டியை எடுத்தாள். அடியில், நான்காக மடித்து, என் கட்டுரை. நகைக்கு அடியில் விரிக்க நல்ல தாளாக இருந்ததாம். என் எழுத்து பத்து வருடம் பாதுகாக்கப்பட்ட ஒரே இடம் அது.

ஆனால் குடும்பத்தில் நான் உண்மையிலேயே கெட்டபெயர் வாங்கியது மொய்க் கட்டுரையால்தான். மொய் என்பது வட்டியில்லாக் கடன், வைத்தவருக்குக் காலத்தால் நஷ்டம் என்பது என் வாதம். உதாரணத்துக்கு, 20 வருடத்துக்கு முன் 501 வைத்தவருக்கு இன்று திருப்பி 1,001 வைத்தால் அது வருடத்துக்கு மூன்றரை சதவீதம்தான் ஆகிறது. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிக்கும் வருடம் வந்துவிடும், 7.2 சதவீதம் என்றால் பத்து வருடம். ஆக 20 வருடத்தில் அது நான்கு மடங்காகி 2,004 ஆகியிருக்க வேண்டும். பொது உதாரணம் என்றுதான் நினைத்தேன். 1998-ல் என் அப்பா தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு வைத்த மொய் சரியாக 501 என்பது எனக்கு ஞாபகமில்லை. அத்தைக்கு இருந்தது.

அடுத்த மாதம் என் மகள் காதுகுத்து. மொய் நோட்டு மேஜைக்கு முன்னால் அத்தை வந்து நின்றார். கைப்பையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார், அதற்குள்ளிருந்து கட்டுரையை. மொய் எழுதுகிற பையன் பேரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, "எவ்வளவும்மா?" என்றான்.

"அசல் ஐநூத்தி ஒண்ணு. வட்டி ஆயிரத்தி ஐநூத்தி மூணு. தனித்தனியா எழுதுய்யா."

பையன் என்னைப் பார்த்தான். நான் மேளக்காரரைப் பார்த்தேன்.

"உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு, என்னம்மா போட?"

"கடன்காரின்னு போடு."

எங்கள் பக்கத்தில் மொய்யை மைக்கில் வாசிப்பது வழக்கம். அதையும் வாசித்தார்கள். பிள்ளை காது குத்தி அழுதுகொண்டிருந்தது. நான் ஏன் அழுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். கிளம்பும்போது என் கன்னத்தைத் தடவி, "இனிமே நமக்குள்ள கணக்கு ஒண்ணும் இல்லைப்பா" என்றார். அந்த வாக்கியத்தின் பொருள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் புரிந்தது. அன்று ராத்திரியே அவர் வீட்டுக்குப் போய், அந்த வட்டியைப் பிரசாதத் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். என் சார்பில் பேசியது மனைவி. நான் வாசலில் செருப்புக்குக் காவல்.

இனி மாமா. என் தாயின் தம்பி, ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். அதற்கு முன்னால் தபால் ஆபீஸ் ஏஜென்ட்டாக இருந்தவர். 1988-ல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது ஐந்தரை வருடத்தில் பணம் இரட்டிப்பு. தெருத்தெருவாக அதை விற்றவர் அவர். பணம் ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பது ஆடு குட்டி போடுகிற மாதிரி இயற்கை என்று இன்றைக்கும் நம்புகிறார். இப்போது அதே பத்திரம் இரட்டிக்க 115 மாதம் ஆகிறது என்று சொன்னால், "உங்க காலத்துல பணமே தளர்ந்து போச்சு மாப்ளே" என்பார், என் மேல் பரிதாபத்தோடு.

காப்பீட்டையும் முதலீட்டையும் கலக்காதீர்கள், பாதுகாப்புக்கு டேர்ம் பாலிசி, வளர்ச்சிக்கு வேறு இடம். இதை வருடத்துக்கு நான்கு தடவையாவது எழுதுகிறேன். எழுதிவிட்டு, வருடா வருடம் மார்ச்சில், 28 வயதில் மாமா எனக்கு எடுத்துக் கொடுத்த எண்டோமென்ட் பாலிசிக்குப் பிரீமியம் கட்டுகிறேன். நிறுத்திவிடலாமா என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு மொட்டை போட்டது யார் மடியில?" என்றாள். எக்செல் தாளில் இந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, கையில் லெதர் பை. என் கட்டுரைகள் முழுவதையும் அவர் வெட்டி ஃபைல் போட்டு வைத்திருப்பது எனக்குத் தெரியும். நெகிழ்ந்தும் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த ஃபைலைத் திறந்து பார்க்கக் கிடைத்தது. முதல் தாள் லேமினேட் செய்யப்பட்டிருந்தது. என் போட்டோ. கீழே நான் எழுதிய வரி: 'காப்பீடு இல்லாத குடும்பம் ஓடில்லாத வீடு'. அதற்கு அடுத்த வாக்கியம், 'ஆனால் இதற்காக எண்டோமென்ட் பாலிசி எடுப்பது' என்று ஆரம்பிக்கிற வாக்கியம், இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிக்கோல் அழகாக வளைந்து போயிருந்தது.

"பார்ட்டிகிட்ட முதல்ல இதைத்தான் நீட்டுறது" என்றார் மாமா. "எங்க அக்கா மகன் எழுதினது, பேப்பர்ல வந்ததுன்னு. அப்புறம் பேச்சே இல்லை, கையெழுத்துதான். இந்த வருஷம் மட்டும் பதினோரு பாலிசி, உன்னாலதான்."

காபி வந்தது. பையிலிருந்து ஒரு படிவமும் வந்தது. பேத்தி பெயரில் ஒரு மணிபேக், வருடத்துக்கு வருடம் பணம் திரும்புமாம். செல்வமகள் சேமிப்பு இருக்கிறது, அதில் 8.2 சதவீதம் கிடைக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். வாயை மூடிக்கொண்டேன். மாமாவே பேனாவைத் திறந்து படிவத்தைப் பூர்த்தி செய்ய ஆரம்பித்தார். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை எல்லாம் அவருக்கு மனப்பாடம். சம்பளத்தைக் கேட்டு எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"இதர வருமானம்னு கேட்டிருக்கான். பத்திரிகையில உனக்கு என்ன குடுக்குறாங்க மாப்ளே?"

சொன்னேன். எத்தனை மாதம் கழித்து வரும் என்பதையும் சொன்னேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.